மதியம் தனியாக உட்காரும் மகளுக்கு எந்த கிளப்?

கேள்வியின் சுருக்கம் இது: சென்னையிலிருந்து ஜூலையில் டாலஸ் பக்கம் குடிவந்திருக்கிறார்கள். மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி திறந்து ஒரு மாதம் ஆன பிறகும் மதிய இடைவேளையில் நூலகத்தில் போய்த் தனியாக உட்கார்ந்துவிடுகிறாள். சாப்பாட்டு டப்பா பல நாள் திறக்காமலே வீட்டுக்கு வருகிறது. ஆறு வருடம் பரதம் கற்றவள், கூச்ச சுபாவம். "கிளப், பேண்ட், ஹோம்கமிங், பெப் ராலி என்று ஏதேதோ சொல்கிறார்கள். இதெல்லாம் படிப்பைக் கெடுக்காதா? சேர்த்தால் எதில் சேர்ப்பது?" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

இரண்டு பிள்ளைகளை டெக்சஸ் அரசுப் பள்ளிகளில் படிக்கவைத்து அனுப்பியவள் நான். அதில் ஏழு வருடம், பள்ளி இசைக்குழுவான பேண்டின் பெற்றோர் குழுவில் வேலை செய்தேன். திறக்காமல் திரும்பி வரும் டப்பா என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் மகள் தனியாக இருப்பதற்கு அவளுடைய கூச்சம் மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். இங்குள்ள பள்ளியின் அமைப்பே அப்படி. நம் ஊரில் பிள்ளை சேர்ந்த அன்றே அவளுக்கு ஒரு கூட்டம் கிடைத்துவிடும். ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு என்றால் நாற்பது பேர், ஒரே அறை, வருடம் முழுக்க ஒரே பெஞ்சு. மணி அடித்தால் ஆசிரியர்தான் மாறுவார். யாரோடும் பேசாத பிள்ளைக்குக்கூடப் பக்கத்தில் ஒருத்தி இருப்பாள். மூன்றாம் மாதம் அவள் தோழியாகிவிடுவாள்.

இங்கே ஆசிரியர் தன் அறையை விட்டு நகர மாட்டார், பிள்ளைகள்தான் நகர்வார்கள். முதல் பீரியடில் அல்ஜீப்ரா வகுப்பில் இருக்கும் முப்பது பேர் வேறு, இரண்டாம் பீரியடில் உயிரியல் வகுப்பில் இருப்பவர்கள் வேறு. ஸ்பானிஷ் வகுப்பில் பதினொன்றாம் வகுப்புப் பையன்கள்கூட இருப்பார்கள். நடுவில் ஐந்தாறு நிமிடம். இரண்டாயிரம் பேருக்கு மேல் படிக்கிற கட்டடத்தில் அதற்குள் ஓடி அடுத்த அறைக்குப் போக வேண்டும். சாப்பாட்டு வேளையையும் ஏ லஞ்ச், பி லஞ்ச் என்று பிரித்திருப்பார்கள். அறிவியல் வகுப்பில் கொஞ்சம் பேசிப் பழகிய ஒருத்தி வேறு லஞ்சில் போய்விட்டால், பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு நின்று எந்த மேசைக்குப் போவது என்று பார்க்க வேண்டும். 2025 முதல் டெக்சஸில் பள்ளி நேரம் முழுக்கக் கைபேசிக்கும் தடை. முன்பாவது தனியாக இருக்கும் பிள்ளை போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொள்ளலாம். இப்போது நூலகம்தான் ஒதுங்க இடம்.

இந்தப் பள்ளிகளில் 'ஆ பிரிவு' என்ற ஒன்றே கிடையாது. அதன் இடத்தில் இருப்பவைதான் பேண்ட், நாடகம், அணி, கிளப் எல்லாம். இது புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. பாட்டு வகுப்பு, கராத்தே வகுப்பு மாதிரி இவையும் படிப்புக்கு மேலே ஒரு அலங்காரம் என்று நான் நினைத்திருந்தேன். பிள்ளை தினமும் அதே முகங்களைப் பார்க்கும் ஒரே இடம் அதுதான் என்பது தெரியவில்லை.

தெரியாததால் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். மூத்தவளை ஒன்பதாம் வகுப்பில் ஆறு கிளப்பில் சேரவைத்தேன். கணக்கு, அறிவியல், மாதிரி ஐ.நா. சபை, ரெட் கிராஸ், இன்னும் இரண்டு. கல்லூரி விண்ணப்பத்தில் எழுத உதவும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இந்த கிளப்களெல்லாம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பள்ளி முடிந்து முக்கால் மணி நேரம் கூடும். கையெழுத்துப் போட்டு, பீட்சா சாப்பிட்டு, அறிவிப்புக் கேட்டுவிட்டு வருவாள். அந்த டிசம்பரில் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துக் கிடந்தாள். ஆறு கிளப்பில் ஒருவர்கூட அவளைக் காணோமே என்று கேட்கவில்லை. ஐந்தாம் நாள் "அம்மா, நான் ஸ்கூலுக்கே போகாம இருந்தாலும் யாருக்கும் தெரியாது போல" என்றாள். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

சின்னவன் பேண்டில் சேர்ந்தான், கிளாரினெட். மார்ச்சிங் பேண்ட் என்றால் என்ன என்று பார்க்காதவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம், முயற்சி செய்கிறேன். ஆகஸ்ட் தொடக்கத்தில், பள்ளி திறக்கும் முன்பே முகாம் தொடங்கிவிடும். காலை ஏழு மணிக்கே வாகன நிறுத்துமிடத்தில் கோடு போட்டு நிற்பார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு கேலன் தண்ணீர்க் குடுவை, தலையில் தொப்பி, முகத்தில் வெள்ளையாக வெயில் களிம்பு. மைதானத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடு இருக்கும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குச் சரியாக எட்டுக் காலடி வைத்துப் போக வேண்டும். ஒரு காலடிக்கு இருபத்திரண்டரை அங்குலம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கென்று புள்ளிகள் உண்டு. நாற்பது கெஜக் கோட்டிலிருந்து இரண்டு காலடி உள்ளே, முன் எல்லைக் குறியிலிருந்து ஆறு காலடி பின்னே என்று இந்த மாதிரி எண்பது, தொண்ணூறு இடங்களை ஒரு சின்ன நோட்டில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மனப்பாடம் செய்வார்கள். இருநூறு பேர் நகரும்போது மேலிருந்து பார்த்தால் வட்டம் விரியும், சிலுவையாக உடையும், அலையாக மடங்கும்.

ஒரு நாள் இவன் பல்வலியால் போகவில்லை. காலை ஏழரைக்குச் செய்தி வந்தது. அனுப்பியவள் பன்னிரண்டாம் வகுப்புப் பெண், கிளாரினெட் பிரிவுக்குத் தலைவி. "எங்கே இருக்கிறாய், உன் இடத்தில் ஓட்டை தெரிகிறது" என்று கேட்டிருந்தாள். எனக்கு அந்தப் பெண்ணைத் தேடிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவள் அன்பாகக் கேட்டாள் என்பதற்காக மட்டும் இல்லை. அவன் வராவிட்டால் வட்டம் வட்டமாக இல்லை, அதனால் கேட்டாள். அக்காவுக்குக் கிடைக்காதது அதுதான். ஆகவே உங்கள் மகளுக்கு எதைத் தேடினாலும், 'இவள் வராவிட்டால் அங்கே ஓட்டை தெரியுமா?' என்று பாருங்கள். தெரியும் என்றால் அது நல்ல இடம்.

இனி உங்கள் மகளுக்கு எது பொருந்தும் என்று பார்க்கலாம். பேண்டில் கருவி வாசிப்பது இப்போது கடினம். டெக்சஸில் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே கருவியைத் தொடங்கிவிடுகிறார்கள். ஒன்பதில் புதிதாகச் சேர்ப்பது அரிது. ஆனால் அதே பேண்டில் கலர் கார்டு என்று ஒரு பிரிவு உண்டு. ஆறடிக் கொடிக் கம்பைச் சுழற்றி, வெள்ளை மரத் துப்பாக்கியை மேலே வீசிப் பிடித்து, இசைக்கேற்ப ஆடுவார்கள். அதில் முன்னனுபவம் இல்லாதவர்களை எடுத்துப் பயிற்சி கொடுப்பது வழக்கம். ஆறு வருடம் அரைமண்டியில் நின்றவளுக்கு, தாளத்தை எண்ணிக் கையையும் காலையும் தனித்தனியாக நகர்த்தத் தெரிந்தவளுக்கு, அது கைவரும். முகபாவம் வேண்டும் என்று பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். நம் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே இருக்கும். இந்தப் பருவத்துக்கான தேர்வு வசந்த காலத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் நவம்பர் வாக்கில் வின்டர் கார்டு தொடங்கும். அமெரிக்கக் கால்பந்துப் பருவம் முடிந்ததும் அதே கொடிகளோடு உள்ளரங்கில் ஆடுவது அது. 1977இல் தொடங்கிய டபிள்யூஜிஐ என்ற அமைப்பு அதற்கு நாடு தழுவிய போட்டி நடத்துகிறது; இறுதிச் சுற்று ஒஹாயோ மாநிலத்தின் டேட்டனில். உங்கள் மகள் அவ்வளவு தூரம் போக வேண்டாம், பள்ளியின் வின்டர் கார்டில் சேர்ந்தாலே போதும்.

ட்ரில் டீம் என்று தனி நடனக் குழுவும் பல பள்ளிகளில் இருக்கும். அது இன்னும் பகட்டானது, செலவும் கூட. கூச்சமுள்ள பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது கலர் கார்டுதான், அல்லது நாடகத்தின் தொழில்நுட்பக் குழு.

நாடகக் குழு என்றதும் மேடையில் வசனம் பேசுவதை நினைக்காதீர்கள். திரைக்குப் பின்னால் மரம் அறுத்து மாடிப்படி செய்பவர்கள், விளக்குத் தொங்கவிடுபவர்கள், ஒலிப்பலகையில் இருப்பவர்கள், உடை தைப்பவர்கள் எல்லோரும் மாணவர்கள். ஸ்டேஜ் மேனேஜர் என்ற பொறுப்பில் ஒரு பதினாறு வயதுப் பெண் தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு "விளக்கு நாற்பத்திரண்டு... இப்போது" என்று சொன்னால்தான் மேடையில் விடியும். பேசத் தயங்கும் எத்தனையோ பிள்ளைகள் அந்தக் கறுப்புச் சட்டைக் கூட்டத்தில் மலர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்துகொண்டே பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதைவிட எளிது. இதில் வருட நடுவிலும் சேரலாம்.

ரோபாட்டிக்ஸும் அப்படியே. ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் என்பது டீன் கேமன் 1989இல் தொடங்கிய அமைப்பு. 1992 முதல் போட்டி நடத்துகிறது. ஜனவரியில் அந்த ஆண்டுக்கான ஆட்டத்தை அறிவிப்பார்கள். அதன் பிறகு பட்டறையில் ராப்பகலாக வேலை. ஒவ்வொரு ஆட்டத்திலும் மூன்று அணிகள் சேர்ந்து ஒரு கூட்டணி, எதிரே இன்னொரு மூன்று. இந்த ஆட்டத்தில் எதிரி அடுத்ததில் கூட்டாளி. அதனால் எதிரணியின் மோட்டார் எரிந்துபோனால் தங்களுடையதைக் கழற்றிக் கொடுக்கும் பழக்கம் அங்கே இயல்பாக இருக்கிறது. கணினி நிரல் எழுதத் தெரிந்தால்தான் உண்டு என்று இல்லை. கணக்கு வைப்பவர், நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதுபவர், மற்ற அணிகளை நோட்டமிட்டுக் குறிப்பெடுப்பவர் எல்லோரும் வேண்டும்.

விளையாட்டு என்றால், தேர்வு வைத்து வெட்டாத விளையாட்டு எது என்று கேளுங்கள். கிராஸ் கன்ட்ரி ஓட்டம் பெரும்பாலான பள்ளிகளில் அப்படித்தான். ஓட வந்தால் சேர்த்துக்கொள்வார்கள். பெண் பிள்ளை என்று தயங்காதீர்கள். 1972இல் டைட்டில் நைன் என்ற கூட்டாட்சிச் சட்டம் வருவதற்கு முன் நாடு முழுக்க உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் இருந்த பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. இப்போது 30 லட்சத்துக்கும் மேல். எந்த விளையாட்டானாலும் மருத்துவரிடம் உடல் தகுதிப் படிவம் வாங்கிக் கொடுக்க வேண்டும், அதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இயர்புக், பள்ளிச் செய்தித்தாள், விவாதக் குழு ஆகியவை இங்கே பெரும்பாலும் கால அட்டவணையில் உள்ள பாடங்களே. ஜனவரியில் இரண்டாம் பருவம் தொடங்குவதற்கு முன் கவுன்சிலரிடம் (பள்ளியின் மாணவர் ஆலோசகர்) கேட்டால் மாற்றித் தர வாய்ப்புண்டு.

படிப்பு கெடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். டெக்சஸில் 1984இல் ஒரு விதி வந்தது. 'நோ பாஸ், நோ ப்ளே' என்பார்கள். மதிப்பெண் காலம் முடியும்போது ஏதாவது ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் மூன்று வாரம் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. பயிற்சிக்கு மட்டும் வரலாம். சாதாரண நிலையைவிடக் கடினமான பாடங்கள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அதேபோல் பள்ளி நாட்களில், வகுப்பு நேரத்துக்கு வெளியே ஒரு செயல்பாட்டுக்கு வாரம் எட்டு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வைக்கக் கூடாது. இவற்றையெல்லாம் கவனிப்பது யூஐஎல் என்ற அமைப்பு. டெக்சஸ் பல்கலைக்கழகம் 1910இல் உருவாக்கியது. விளையாட்டு, இசை, ஓரங்க நாடகம், கணக்குப் போட்டி வரை எல்லாம் அதன் கீழ்தான். இந்த விதியால் எங்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை, மகனின் வேதியியல் மதிப்பெண்ணைப் பற்றி என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டவர் பேண்ட் இயக்குநர். 72 என்று பார்த்ததுமே கூப்பிட்டு, காலையில் டியூட்டோரியலுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்.

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். இங்கே ஒரு செலவு இருக்கிறது. நம்மவர்கள் கூடும் இடங்களில் கிசுகிசுப்பாகப் பேசப்படுவதும் அதுதான். டெக்சஸில் 1997இல் வந்த சட்டப்படி வகுப்பில் முதல் 10 விழுக்காட்டில் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் மட்டும் அதைக் குறைத்து, 2026 இலையுதிர்ச் சேர்க்கையிலிருந்து முதல் 5 விழுக்காடு என்று வைத்திருக்கிறது. ஏபி (கல்லூரி நிலைப் பாடம்) போன்ற கடினமான பாடங்களுக்குத் தரவரிசைக் கணக்கில் கூடுதல் எடை உண்டு. பேண்ட், நாடகம் போன்றவற்றுக்குப் பல பள்ளி மாவட்டங்களில் சாதாரண எடைதான். நான்கு வருடம் பேண்ட் எடுத்தால், நூற்றுக்கு நூறு வாங்கினாலும் தரவரிசையில் சில இடங்கள் இறங்கக்கூடும். அதற்குப் பயந்து பத்தாம் வகுப்போடு பேண்டை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். உங்கள் மாவட்டம் எந்தெந்தப் பாடங்களைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்கிறது என்பது அவர்களுடைய பாடத் தேர்வுக் கையேட்டில் இருக்கும். அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எங்கள் வீட்டில் தெரிந்தே அந்தச் சில இடங்களை விட்டுக்கொடுத்தோம். அதற்கு நான் ஒரு நாளும் வருந்தவில்லை. இன்னொன்று, பட்டம் பெற நுண்கலையில் ஒரு கிரெடிட்டும் உடற்கல்வியில் ஒரு கிரெடிட்டும் எப்படியும் வேண்டும். பேண்ட் முன்னதைத் தரும். இலையுதிர்ப் பருவ மார்ச்சிங்கைப் பின்னதற்கு ஈடாக ஏற்கும் மாவட்டங்களும் நிறைய.

பணம்: கிளப் என்றால் சட்டைக்கும் உறுப்பினர் கட்டணத்துக்கும் கொஞ்சம் ஆகும். மார்ச்சிங் பேண்ட், கார்டு, ட்ரில் டீம் எல்லாம் சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டலாம். கட்ட முடியாத குடும்பத்துக்குத் தள்ளுபடி செய்ய மாவட்டங்கள் வழிமுறை வைத்திருக்க வேண்டும் என்பது டெக்சஸ் கல்விச் சட்டம். கேட்பதில் கூச்சம் வேண்டாம். பூஸ்டர் கிளப்பில், அதாவது அந்தப் பெற்றோர் குழுவில், இருந்தபோது இதற்காகவே தனியாகப் பணம் ஒதுக்கினோம். யார் கேட்டார்கள் என்பது இயக்குநருக்கும் பொருளாளருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

கிளப்களைப் பற்றி மேலே கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், சமன் செய்ய ஒன்று சொல்ல வேண்டும். பங்குகொள்வதற்கு மட்டும் கிளப் என்றால் பயன் குறைவு. ஆனால் நடத்துவதற்குக் கிளப் என்றால் கதையே வேறு. 1984இல் ஈக்வல் ஆக்சஸ் சட்டம் வந்தது. பாடத்தோடு தொடர்பில்லாத ஒரு மாணவர் கிளப்பை அனுமதிக்கும் அரசுப் பள்ளி, மதம், அரசியல், கொள்கை எதுவானாலும் மாணவர்கள் தொடங்கும் மற்ற கிளப்களையும் பாகுபாடு இல்லாமல் அனுமதிக்க வேண்டும் என்கிறது அது. நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் ஒரு மாணவி கிறிஸ்தவ கிளப் தொடங்க அனுமதி மறுக்கப்பட்டு வழக்குப் போட்டார்; 1990இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நான்கு பிள்ளைகள் சேர்ந்து தமிழ் கிளப் தொடங்க நினைத்தாலும் அதே கதவு வழியாகத்தான் போக வேண்டும். பாட நேரத்துக்கு வெளியே கூட வேண்டும், மாணவர்களே நடத்த வேண்டும், நம்மைப் போன்ற வெளியாட்கள் போய் நடத்தக் கூடாது. பொறுப்பேற்க ஒரு ஆசிரியர் வேண்டும். அவர் தமிழராக இருக்க வேண்டிய அவசியமில்லை. 2025இல் வந்த டெக்சஸ் சட்டப்படி எந்தக் கிளப்பில் சேரவும் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஆகவே மகள் ஏதாவது படிவம் கொண்டுவந்தால் மேசையில் கிடக்க விடாதீர்கள்.

மூத்தவள் கடைசியில் தேறியது அப்படித்தான். பத்தாம் வகுப்பில் ஐந்து கிளப்பை விட்டுவிட்டாள். மாதிரி ஐ.நா. சபையை மட்டும் பிடித்துக்கொண்டு, பேருந்து ஏற்பாடு செய்யும் வேலையை ஏற்றாள். யாரும் விரும்பாத வேலை. அதனால் நாற்பது பேர் பெயரும் அவளுக்குத் தெரியவந்தது, அவள் பெயர் நாற்பது பேருக்கும் தெரியவந்தது.

கல்லூரி விண்ணப்பம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டு மாதத்தில் யாராவது உங்களைப் பயமுறுத்துவார்கள். பொது விண்ணப்பப் படிவத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. பத்தையும் நிரப்ப வேண்டும் என்று எங்கும் இல்லை. நான்கு வருடம் ஒரே இடத்தில் இருந்து, கற்றுக்கொள்ள வந்தவள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவளாக மாறியது அந்த 150 எழுத்திலும் தெரியும். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்றால் சீல் ஆஃப் பைலிட்ரசி பற்றியும் கவுன்சிலரிடம் கேட்டு வையுங்கள். இரண்டு மொழியில் தேர்ச்சி பெற்றதற்கான முத்திரை அது. 2011இல் கலிஃபோர்னியா சட்டமாக்க, பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. நீங்கள் ஹெச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது) இருந்தால் ஒரு எச்சரிக்கை: மகள் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது, கடையிலோ நீச்சல் குளத்திலோ பகுதிநேர வேலைக்குத் தோழிகள் போனாலும். கிளப், அணி, சேவை எதற்கும் விசா தடையில்லை.

ஹோம்கமிங், பெப் ராலி பற்றி நிறையக் கவலைப்படாதீர்கள். இலையுதிர்காலத்தில் ஒரு கால்பந்து ஆட்டத்துக்குப் பழைய மாணவர்களை வரவேற்பதுதான் ஹோம்கமிங். அந்த வாரம் தினம் ஒரு வேடம், வெள்ளிக்கிழமை உள்ளரங்கில் எல்லோரையும் உட்காரவைத்து மேளம் அடித்து ஆரவாரம். அது பெப் ராலி. டெக்சஸில் பெண்கள் செவ்வந்திப் பூ வடிவில் துணியும் ரிப்பனும் மணியும் தொங்கும் 'மம்' என்ற பெரிய மாலைபோன்ற ஒன்றை மாட்டிக்கொண்டு வருவார்கள், நடக்கும்போது கலகலவென்று சத்தம் கேட்கும். கடையில் வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். பசைத் துப்பாக்கி வைத்துக்கொண்டு மகளோடு உட்கார்ந்து நீங்களே செய்துவிடலாம், நாங்கள் செய்தோம். சனிக்கிழமை நடன நிகழ்ச்சிக்கு ஜோடியோடுதான் போக வேண்டும் என்பதெல்லாம் இல்லை. பெரும்பாலும் எட்டுப் பத்துப் பேர் கூட்டமாகப் போய்ப் படமெடுத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். போக விருப்பமில்லை என்றால் போகாமலும் இருக்கலாம். முதல் வருடம் அவளாகக் கேட்டால் அனுப்புங்கள்.

இதைவிட முக்கியம் நீங்கள் போவது. அமெரிக்க அரசுப் பள்ளி பெற்றோரின் கைகளை நம்பித்தான் ஓடுகிறது. பிடிஏ என்ற பெற்றோர் ஆசிரியர் கழகம் 1897இல் வாஷிங்டனில் தாய்மார்கள் மாநாடாகத் தொடங்கியது. இன்றும் அதன் வேலை அப்படித்தான் நடக்கிறது. பூஸ்டர் கிளப்பில் ஆட்ட நாளன்று தின்பண்டக் கடையில் நிற்கலாம், கொடித் துணிக்கு ஓரம் அடிக்கலாம், பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றலாம். முதலில் மாவட்ட இணையதளத்தில் பின்னணிச் சோதனைக்கு விவரம் கொடுக்க வேண்டும், கொஞ்ச நாளில் அனுமதி வந்துவிடும். என் ஆங்கிலத்தை நினைத்து நானும் ஒரு வருடம் தயங்கினேன். ஊசி நூலோடு உட்கார்ந்து நூற்றுப் பத்து கால்சட்டைக்கு மடிப்புத் தைத்த அந்த ஒரு மாலையில் எனக்குக் கிடைத்த தோழிகள் இன்றும் இருக்கிறார்கள். நீங்களும் இங்கே புதியவர்தானே. உங்களுக்கும் 'ஆ பிரிவு' இல்லை.

பள்ளி வாரியக் கூட்டங்களும் எல்லோருக்கும் திறந்தவை. பேச விரும்பும் பெற்றோர் முன்பே பெயர் கொடுத்துவிட்டுச் சில நிமிடம் பேசலாம். மாலை தாமதமாகப் பயிற்சி முடியும் பிள்ளைகளுக்குப் பேருந்து விடுவதா என்பதை முடிவெடுப்பது அந்த அறையில்தான்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். டிக்கெட் பெரும்பாலும் இணையத்தில்தான்; உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையை மட்டும் விடுவார்கள், கைப்பையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பேண்ட் இருக்கும் பக்கமாக உட்காருங்கள். ஆட்டம் புரிய வேண்டியதில்லை. பாதி ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் உள்ளே போவார்கள், பேண்ட் இறங்கும். அப்போது கொடிப் பெண்களைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் அவள் முகத்தைப் பாருங்கள். அடுத்த கால்பகுதியில் பேண்டுக்கு ஓய்வு. பிள்ளைகள் தின்பண்டக் கடைப் பக்கம் வந்து நிற்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் பேண்டின் பெயர் போட்ட சட்டையோடு யாராவது ஒரு அம்மா இருப்பார். அவரிடம் வின்டர் கார்டு தேர்வு எப்போது என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே ஒரு கொடிப் பெண்ணைக் கூப்பிட்டு உங்கள் மகளுக்கு அறிமுகப்படுத்திவிடுவார்.